கார்னெல்: மேட்டில் எரிந்த மாளிகை, அடிவாரத்தில் பிறந்த சங்கம் – ஒரு பிராட்டர்னிட்டி கிளையின் வீட்டு வரலாறு

வடகரையான் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்கக் கல்லூரி பிராட்டர்னிட்டி, அதாவது ஆண் மாணவர்கள் சேர்ந்து குடியிருக்கும் சங்கம், என்றதும் நம் ஆட்களுக்குக் குடியும் கூத்தும்தான் நினைவுக்கு வருகிறது. சினிமா காட்டியது அவ்வளவுதான். நான் நியூயார்க் மாநிலத்து இதாகாவில் சில காலம் குடியிருந்தேன். கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். அங்கே ஒரே ஒரு கிளை குடியிருக்கும் ஒரே ஒரு மனையின் கதையை நூல் பிடித்துப் போனேன். பணம், உயில், உச்ச நீதிமன்றம், தீ, சாவு என்று அந்த ஊரின் பாதி வரலாறு கூடவே வந்துவிட்டது.

கிளையின் பெயர் கை சை (Chi Psi), கிரேக்க எழுத்துகளால் ஆன பெயர். தாய்ச் சங்கம் 1841இல் யூனியன் கல்லூரியில் தொடங்கியது. கார்னெல் 1868இல் மாணவர்களைச் சேர்த்தது. அடுத்த வருடமே கை சை அங்கே கிளை விட்டது. அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் ஒயிட்டுக்கு விடுதி கட்டுவதில் நம்பிக்கை இல்லை. நூறு பையன்களை ஒரே கட்டடத்தில் அடைத்தால் ஒழுங்கு கெடும், சின்னச் சின்னக் குழுக்களாகத் தங்கள் வீட்டைத் தாங்களே பார்த்துக்கொண்டால் பொறுப்பு வரும் என்று நினைத்தவர். அவரே யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது இப்படிப்பட்ட சங்கங்களில் இருந்தவர்தான். ஆகவே பிராட்டர்னிட்டிகள் கார்னெலுக்கு ஒட்டுத்திண்ணையாக வந்தவை அல்ல. பையன்கள் எங்கே படுத்துத் தூங்குவது என்ற கேள்விக்கு அந்தப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்த பதிலே அவைதான். ஆல்பா டெல்டா ஃபை என்ற இன்னொரு சங்கம் 1878இல் தனக்கென்றே வீடு கட்டிக்கொண்டது. அதன் பிறகு ஒவ்வொரு கிளைக்கும் வீட்டு ஆசை பிடித்துக்கொண்டது.

கை சைக்குக் கிடைத்ததோ மாளிகை. அவர்கள் கட்டியதல்ல, அவர்களுக்காகக் கட்டியதுமல்ல.

மர வியாபாரத்தில் பெரும் செல்வம் சேர்த்த ஜான் மெக்ராவின் ஒரே மகள் ஜென்னி. 1868இல் கார்னெல் திறந்த நாளில் ஒலித்த ஒன்பது மணிகளும் ஜென்னி கொடுத்தவை. 1877இல் தகப்பனார் இறந்தபோது சொத்து முழுவதும் மகள் கைக்கு வந்தது. கயூகா ஏரியைப் பார்த்தபடி இருக்கும் மேட்டில் மாளிகை கட்டச் சொல்லிவிட்டு ஜென்னி ஐரோப்பா புறப்பட்டார். கட்டடக்கலைஞர் வில்லியம் ஹென்றி மில்லர், கார்னெலில் கட்டடக்கலை படித்த முதல் தலைமுறை. இங்கே சுவர் எழும்ப எழும்ப, அங்கே ஜென்னி ஓவியமும் சிலையும் மேசை நாற்காலியும் வாங்கி அனுப்பிக்கொண்டே இருந்தார். 1880இல் பெர்லினில் கார்னெலின் முதல் நூலகர் வில்லார்ட் ஃபிஸ்கேயோடு திருமணம். அப்போதே காசநோய் முற்றியிருந்தது. 1881 செப்டம்பரில் ஊர் திரும்பினார். சில வாரங்களிலேயே, அந்த மாதம் 30ஆம் தேதி இறந்துபோனார். அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூட வாழவில்லை.

கட்டியவர் வாழாத அந்த வீட்டைத்தான் 1890களில் கை சை வாங்கியது. இடையில் நடந்த வழக்கை எழுத எனக்குச் சட்ட ஞானம் போதாது. சட்டம் படித்தவர்கள் யாராவது வாருங்கள்.

பழைய ஏடு

வழக்கை நான் எடுத்துக்கொள்கிறேன் வடகரையான். இது எங்கள் தொழிலில் ரசித்துப் படிக்க வேண்டிய வழக்கு.

ஜென்னியின் உயில் கணவருக்கு 3 லட்சம் டாலர் கொடுத்தது. உறவினர்களுக்கும் கணிசமாக எழுதிவைத்தது. மீதி எல்லாம் கார்னெலுக்கு. அந்த மீதிதான் பெரிய பங்கு. ஒரு நூலகம் கட்ட வேண்டும், நோயுற்ற மாணவர்களுக்கு மருத்துவமனை வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. மனைவியின் விருப்பம் என்று ஃபிஸ்கே முதலில் அதை ஏற்றுக்கொண்டார்.

கார்னெலின் சாசனத்தில் ஒரு வரி இருந்தது: பல்கலைக்கழகம் 30 லட்சம் டாலருக்கு மேல் சொத்து வைத்திருக்கக் கூடாது. எஸ்ரா கார்னெல் கொடுத்த காட்டு நிலங்களின் மதிப்பு ஏறிக்கொண்டே போனதில், ஜென்னி இறந்தபோது அந்த வரம்பு ஏற்கெனவே நிரம்பிவிட்டது என்பது வாதம். இதில்லாமல் 1860ஆம் ஆண்டின் நியூயார்க் சட்டம் ஒன்றும் இருந்தது. கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கும்போது, ஒருவர் தன் சொத்தில் பாதிக்கு மேல் தர்ம நிறுவனங்களுக்கு எழுதிவைக்க முடியாது. அறங்காவலர்கள் சட்டமன்றத்துக்குப் போய் 1882இல் அந்த 30 லட்ச வரம்பை எடுக்கவைத்தார்கள். ஆனால் ஜென்னி இறந்தது 1881. சாவு நடந்த நாளில் என்ன சட்டமோ அதுதான் உயிலுக்குப் பொருந்தும்.

ஃபிஸ்கேயை வழக்குக்குத் தள்ளியது பண ஆசையா, அறங்காவலர்கள், அதிலும் ஹென்றி சேஜ், நடத்திய விதமா என்று அந்த ஊரில் நெடுநாள் வாக்குவாதம் நடந்தது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. ஒயிட் நடுவில் நின்று சமரசம் பேசியும் பலிக்கவில்லை. வழக்கு 1883இல் தொடங்கியது. மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கார்னெல் தோற்றது. 1890 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. கிட்டத்தட்ட முழுச் சொத்தும் ஃபிஸ்கேக்கும் உறவினர்களுக்கும் போனது.

ஜென்னி கேட்ட நூலகத்தை ஹென்றி சேஜ் தன் பணத்தில் கட்டிக்கொடுத்தார். அதற்கும் கட்டடக்கலைஞர் அதே மில்லர்தான். ஃபிஸ்கே இத்தாலியில் ஃபுளோரன்ஸுக்குக் குடிபோய் வாழ்நாள் முழுவதும் புத்தகம் சேர்த்தார். தாந்தே, பெட்ரார்க், ஐஸ்லாந்து இலக்கியம் என்று அவர் சேர்த்த தொகுப்புகள், 1904இல் அவர் இறந்ததும் உயில்படி வந்து சேர்ந்தது எங்கே தெரியுமா? கார்னெலுக்கு. வழக்குப் போட்டவர் கடைசியில் கொடுத்துவிட்டுத்தான் போனார். தம்பதி இருவருக்கும் இறுதி இடம் வளாகத்துக்குள் இருக்கும் சேஜ் தேவாலயம்தான்.

யாழ்நிலவன்

நான் டொரொன்டோவில இருக்கிறன். இதாகாவுக்குப் பிள்ளையளோட போய்வந்தனாங்கள். அந்த நூலகத்துக்குப் பக்கத்தில நிக்கிற கோபுரத்தில 161 படி ஏறினால் மணியள் இருக்கிற இடம். ஜென்னி குடுத்த ஒன்பது இப்ப இருபத்தொண்டாக் கூடியிருக்கு. மாணவர்கள் நிண்டுகொண்டு மரப்பிடியளைக் கையாலும் காலாலும் அமத்தி வாசிக்கினம். காலமை வாசிக்கிற முதல் உருப்படிக்கு ஜென்னியின்ர பேர்தான். வீடு கிடைக்காத மனுசிக்கு ஊர் முழுக்கக் கேக்கிற மாதிரி ஒரு பேர் கிடைச்சிருக்கு எண்டு மகளுக்குச் சொன்னன்.

அண்ணை, அந்த மாளிகை இப்ப இல்லையெண்டு விளங்குது. என்ன நடந்தது எண்டு எழுதுங்கோ.

வடகரையான்

எழுதுகிறேன் நிலவன்.

1906 டிசம்பர் 7, வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முன். வீட்டுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தூக்கத்தில். தீ கீழ்த்தளத்திலிருந்து மேலே ஏறியபோது மாடிப்படி வழி அடைபட்டுப்போனது. சன்னல் வழியே குதித்தவர்கள் கை கால் முறிந்து விழுந்தார்கள். ஆலிவர் ஷ்மக் என்ற மாணவர் வெளியே வந்துவிட்டார். அறைத்தோழர் நிக்கல்ஸ் உள்ளேயே இருக்கிறார் என்று தெரிந்ததும் திரும்ப உள்ளே ஓடினார். இரண்டு பேருமே பிழைக்கவில்லை. மொத்தம் நான்கு மாணவர்கள்.

இதாகாவில் அப்போது இருந்தது சம்பளமில்லாத தன்னார்வத் தீயணைப்புப் படை. ஊரில் வேறு வேறு பிழைப்பு உள்ளவர்கள், மணியடித்தால் ஓடி வருவார்கள். அவர்களில் மூன்று பேர் மேல் கற்சுவர் சரிந்து விழுந்தது. மூவரும் இறந்தார்கள். அந்தக் கிளையின் வரலாற்றைச் சொல்லும்போது மாணவர்களின் பெயர்தான் முதலில் வரும். எனக்கு என்னவோ அந்த மூன்று ஊர்க்காரர்கள்தான் மனதில் நிற்கிறார்கள். சங்கத்துக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த மாளிகை வாசலில் அவர்களுக்கு யாரும் விருந்து வைத்ததில்லை.

ஜென்னியின் உயிலை மீறியதால் வந்த சாபம் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. இன்றும் அந்தக் கதை சொல்லப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எரிந்ததற்குக் காரணம் கட்டிய விதத்தில் இருக்கிறது.

கிளை கலைந்துபோகவில்லை. முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டி, அதே மேட்டில், அதே மனையில் வேறு வீடு கட்டினார்கள்.

கருங்கல்

கட்டடப் பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன். "கல் வீடு எப்படி எரியும்" என்று கேட்பவர்களுக்கு: அந்தக் காலத்து மாளிகைகளில் கல் என்பது வெளிச்சுவர் மட்டும். தரை, உத்தரம், படிக்கட்டு, சுவர் உட்பூச்சுக்குப் பின்னால் அடித்த மெல்லிய பலகைகள், கூரைச் சட்டம் எல்லாமே மரம். இது மர வியாபாரி மகளின் வீடு வேறு. நடுவில் பெரிய கூடமும் அதைச் சுற்றி ஏறும் அகலமான படியும் இருந்தால், தீ பிடித்த நேரத்தில் அந்தக் கூடமே புகைபோக்கியாக வேலை செய்யும். கீழே பிடித்த தீ நிமிடங்களில் மேல்மாடிக்குப் போகும். மாடியில் தூங்குபவனுக்கு இறங்க இருக்கும் ஒரே வழியும் அந்தப் படிதான்.

சுவர் விழுந்ததற்கும் காரணம் அதுவே. உயரமான கற்சுவரைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்துவது தளங்களின் உத்தரங்கள். உத்தரம் எரிந்து அறுந்ததும் சுவர் பிடிமானமில்லாமல் தனியாக நிற்கும். சில நேரம் எரியும் உத்தரம் விழும்போது நெம்புகோல் மாதிரி சுவரை வெளிப்பக்கம் தள்ளிவிட்டுப் போகும். தண்ணீர்க் குழாயோடு கீழே நிற்பவர்களுக்கு விலக நேரம் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு குடும்பம் நாலு வேலைக்காரர்களோடு வாழக் கட்டிய வீட்டில் இருபத்தைந்து இளைஞர்களைத் தங்கவைப்பது கட்டடத்தின் பயனையே மாற்றுவது. இன்று அப்படி மாற்றினால் இரண்டாவது படிக்கட்டு, புகை எச்சரிக்கை, தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் எல்லாம் கேட்பார்கள். அன்றைக்கு மாளிகை கிடைத்தது என்ற மகிழ்ச்சியில் யாரும் கேட்கவில்லை.

தாமரைச்செல்வி

இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தேன், இப்போதுதான் எழுதுகிறேன். என் மகன் இந்த வருடம்தான் அமெரிக்காவில் கல்லூரி சேர்ந்திருக்கிறான். உடன் படிக்கும் பையன்கள் பிராட்டர்னிட்டி சேரலாம் என்கிறார்களாம். "அம்மா, சேர்ந்தால் ரெண்டாவது வருஷம் தங்க வீடு கிடைக்கும்" என்கிறான். அந்த வீடு யாருடையது? கல்லூரியுடையதா, பையன்களுடையதா? ஏதாவது நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது? வரலாற்று இழையில் இதைக் கேட்கலாமா தெரியவில்லை.

வடகரையான்

தாராளமாகக் கேளுங்கள் அக்கா. இந்த வரலாற்றுக்குள்ளேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

உள்ளே இருக்கும் மாணவர்களுக்கு வீடு சொந்தமில்லை. நாலு வருடத்தில் போய்விடுகிறவர்கள் பெயரில் யாரும் மனையை எழுத மாட்டார்கள். பெரும்பாலும் அந்தக் கிளையின் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு நிறுவனம் பதிவுசெய்திருப்பார்கள். வீடு அதன் பெயரில். கடன் வாங்குவது, கூரை மாற்றுவது, காப்பீடு கட்டுவது எல்லாம் அதன் பொறுப்பு. மாணவர்கள் அதற்கு வாடகை கட்டுகிறார்கள். சில வீடுகள் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம். கார்னெலில் இரண்டு வகையும் உண்டு. தேசிய அளவிலான தாய்ச் சங்கம் என்பது மூன்றாவது தரப்பு. பெயரும் சடங்கும் உரிமமும் அதனுடையது. பல்கலைக்கழகம் அங்கீகாரத்தைத் திரும்பப் பெறலாம், தாய்ச் சங்கம் உரிமத்தைப் பறிக்கலாம். ஆனால் வீடு அந்த முன்னாள் மாணவர் நிறுவனத்திடமே இருக்கும். கிளை மூடியும் வீடு நிற்பதும், சில வருடம் கழித்து அதே வீட்டில் கிளை மறுபடி முளைப்பதும் இதனால்தான்.

பெயர், வீடு, அங்கீகாரம் மூன்றும் மூன்று கைகளில் இருப்பதால், ஏதாவது நடந்தால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்ட வழி இருக்கிறது. உங்கள் பயம் நியாயமானது.

சிவகாமி

வடகரையான், நீங்கள் சொன்ன தேதியில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1906 டிசம்பர் 7 வெள்ளிக்கிழமை என்றீர்கள். அதே வாரம், டிசம்பர் 4 செவ்வாய்க்கிழமை, அதே இதாகாவில், மேட்டின் அடிவாரத்தில் இன்னொரு பிராட்டர்னிட்டி பிறந்தது. அதைச் சொல்லாமல் கார்னெல் கிளைகளின் வரலாறு முழுமையாகாது. ஆல்பா ஃபை ஆல்பா: கறுப்பின மாணவர்கள் தொடங்கி இன்றுவரை தொடர்ந்து நடக்கும் முதல் கல்லூரிப் பிராட்டர்னிட்டி.

யார் வேண்டுமானாலும் எந்தப் படிப்பும் படிக்கக்கூடிய இடம் என்று எஸ்ரா கார்னெல் சொல்லித் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. வகுப்பறைக் கதவு திறந்திருந்தது உண்மை. வீட்டுக் கதவுகள் திறக்கவில்லை. பிராட்டர்னிட்டி வீடுகளில் வெள்ளையர்களுக்குத்தான் இடம். கறுப்பின மாணவர்கள் ஊருக்குள் இருந்த கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் வாடகைக்கு இருந்தார்கள். 1904-05இல் படித்த ஆறு கறுப்பின மாணவர்கள் அடுத்த வருடம் திரும்பி வரவில்லை. கையளவுதான் இருந்த கூட்டத்தில் ஆறு பேர் குறைவது சின்ன விஷயமல்ல. எஞ்சியவர்களுக்கு அது உறைத்தது. பரீட்சைக்குச் சேர்ந்து படிக்க, புத்தகம் மாற்றிக்கொள்ள, முகம் பார்த்துப் பேச ஒரு இடம் வேண்டும் என்று கூடத் தொடங்கினார்கள். கூடியது கிழக்கு ஸ்டேட் தெரு 411ஆம் எண் வீடு போன்ற குடும்ப வீடுகளில்.

முதலில் அது இலக்கிய வட்டம்தான். சார்ல்ஸ் பாயின்டெக்ஸ்டர் என்ற முதுநிலை மாணவர் வழிநடத்தினார். பிராட்டர்னிட்டியாக மாறுவதில் அவருக்குச் சம்மதமில்லை. மற்றவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். அவர்களில் சிலர் செலவுக்காக வெள்ளையர் பிராட்டர்னிட்டி வீடுகளில் பரிமாறும் வேலை பார்த்தவர்கள். உட்கார்ந்து சாப்பிட முடியாத மேசைக்குத் தட்டு கொண்டுபோய் வைத்துக்கொண்டே, அந்த வீடு உள்ளே இருப்பவனுக்கு என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறார்கள். பரீட்சைக்கு உதவி, உடம்புக்கு முடியாதபோது துணை, படிப்பு முடிந்ததும் வேலைக்குப் பரிந்துரை. நமக்கும் அது வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் ஏழு பேர்: ஹென்றி காலிஸ், சார்ல்ஸ் சாப்மன், யூஜின் கிங்கிள் ஜோன்ஸ், ஜார்ஜ் கெல்லி, நதேனியல் முர்ரே, ராபர்ட் ஓகில், வெர்ட்னர் டாண்டி.

இந்த ஏழாவது ஆளைக் கவனியுங்கள். டாண்டி கட்டடக்கலை மாணவர். மேட்டில் மில்லர் கட்டிய மாளிகை எரிந்தபோது அவர் கார்னெலில்தான் படித்துக்கொண்டிருந்தார். பின்னாளில் நியூயார்க் மாநிலத்தில் பதிவு பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக்கலைஞரானார். நியூயார்க் நகரத்தில் கறுப்பினத்தவர் நிறைந்த ஹார்லெம் பகுதியின் புனித பிலிப் தேவாலயம் அவரும் ஜார்ஜ் ஃபாஸ்டரும் வடிவமைத்தது. கூந்தல் பராமரிப்புப் பொருள் விற்றுச் செல்வம் சேர்த்த மேடம் சி. ஜே. வாக்கருக்கு ஹட்சன் ஆற்றோரம் இர்விங்டனில் அவர் கட்டிய மாளிகை, வில்லா லுவாரோ, இன்றும் நிற்கிறது. தன் சங்கத்துக்கு ஒரு வீடு கிடைக்காத ஊரில் படித்தவர், முன்னாள் அடிமைகளின் மகளுக்கு மாளிகை கட்டிக்கொடுத்தார்.

கருங்கல்

டாண்டியின் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன் சிவகாமி. வில்லா லுவாரோவின் படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒரு கேள்வி. வீடு இல்லாமல் அந்தக் கிளை எப்படித் தாக்குப்பிடித்தது? எங்கள் துறையில் ஒரு சங்கம் நடத்துகிறோம். சொந்தக் கட்டடம் வந்த பிறகுதான் ஆட்கள் தொடர்ந்து வர ஆரம்பித்தார்கள்.

சிவகாமி

மற்ற கிளைகளுக்கு வீடு செய்த வேலையை இவர்களுக்கு மனிதர்களின் வாழ்நாள் செய்தது என்று நினைக்கிறேன். வெள்ளையர் பிராட்டர்னிட்டிகளில் பெரும்பாலும் கல்லூரி முடிந்ததும் நன்கொடை கொடுப்பதோடு உறவு நின்றுவிடும். ஆல்பா ஃபை ஆல்பாவில் பட்டம் பெற்றவர்களுக்கென்றே ஊர் ஊருக்குக் கிளை உண்டு. அறுபது வயதிலும் கூட்டத்துக்குப் போவார்கள். 1907இலேயே ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் கிளை. கிங்கிள் ஜோன்ஸ், கறுப்பினத்தவரின் உரிமைக்காக உழைக்கும் தேசிய நகர்ப்புற லீக்கைப் பல ஆண்டுகள் நடத்தினார். கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷல் ஆகியோர் உறுப்பினர்கள். மார்ட்டின் லூதர் கிங் பாஸ்டனில் ஆய்வு மாணவராக இருந்தபோது 1952இல் சேர்ந்தார்.

வாஷிங்டனில் கிங்குக்கு இருக்கும் நினைவிடத்தை முன்மொழிந்ததும் இவர்கள்தான். 1984இல் தொடங்கிய முயற்சி, 1996இல் காங்கிரஸ் அனுமதி, 2011இல் திறப்பு. ஏறத்தாழ 12 கோடி டாலர் திட்டம். நாட்டின் தலைநகரில் நினைவிடம் எழுப்பும் அளவுக்குப் பணமும் பொறுமையும் இருந்த சங்கம், தொடங்கிய ஊரில் கடன் வாங்கிய கூடத்தில் கூடியது.

பழைய ஏடு

சிவகாமி சொன்னதற்கு ஒரு மறுப்பு, அல்லது சேர்க்கை. வீடு இல்லாததை ஒரு பெருமையாக மாற்றிவிடக் கூடாது. மேட்டில் மனை இருந்தவர்களுக்கு அதை அடமானம் வைத்துப் பணம் புரட்ட முடிந்தது. தீ வந்தும் கை சை எழுந்ததற்கு மனையும் முன்னாள் மாணவர்களின் பணமும் இருந்ததே காரணம். கறுப்பினச் சங்கங்களுக்கு நாடு முழுவதும் வளாகத்தின் அருகே வீடு அரிது என்றால், அது அவர்கள் எடுத்த தத்துவ முடிவு அல்ல. நிலம் விற்க மறுத்த, கடன் கொடுக்க மறுத்த காலத்தின் மிச்சம். நூறு வருடம் முன்னால் ஒரு மனை கிடைத்தவனுக்கும் கிடைக்காதவனுக்கும் இன்றைக்கு இருக்கும் வித்தியாசத்தைச் சொத்து வரி ரசீதிலேயே பார்க்கலாம்.

உள்ளே இருந்த வெள்ளையர் சிலர் அந்தக் கதவைத் திறக்கப் பார்த்ததும் உண்டு. ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை 1948இல் ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்தது. தாய்ச் சங்கம் அந்தக் கிளையையே வெளியேற்றியது. பையன்கள் பின்வாங்கவில்லை. வேறு பெயரில் தனிச் சங்கமாக அதே கல்லூரியில் தொடர்ந்தார்கள்.

சிவகாமி

ஏற்கிறேன் ஐயா. இல்லாமையைப் புகழ்வது என் நோக்கமில்லை. எண்ணிப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அந்த ஏழு பேருக்கும் வீடு கிடைத்திருக்க வேண்டும்.

யாழ்நிலவன்

அந்தக் காலத்தில இந்தியா, சீனா போன்ற நாடுகளில இருந்து வந்த பிள்ளையள் எங்க இருந்தவை? அவையும் வெள்ளையர் வீட்டுக்குள்ள போயிருக்க ஏலாதே.

வடகரையான்

நல்ல கேள்வி. அவர்களுக்கு காஸ்மோபாலிட்டன் கிளப் இருந்தது. 1904இல் தொடங்கியது, 1911இல் பிரையன்ட் அவென்யூவில் சொந்த வீடே கட்டினார்கள். எந்த நாட்டவரும் தங்க முடிந்தது, அமெரிக்கர்களும்தான். பின்னாளில் சீன இலக்கியத்தைப் பேச்சுமொழிக்குத் திருப்பிய ஹூ ஷி மாணவராக அந்த வீட்டில் இருந்தவர். சடங்கில்லை, ரகசியமில்லை, ராத்திரிச் சொற்பொழிவுகள் நடந்தன. வளாகத்திலேயே டெல்லுரைடு இல்லம் என்று இன்னொன்று இருக்கிறது. தேர்வாகிறவர்களுக்கு வாடகையும் சாப்பாடும் இலவசம். வீட்டை மாணவர்களே கூடி முடிவெடுத்து நடத்துகிறார்கள். இயற்பியலாளர் ஃபெயின்மன் கார்னெலில் ஆசிரியராக இருந்தபோது அங்கே தங்கியிருக்கிறார். கொல்கத்தாவிலிருந்து வந்த இலக்கியக் கோட்பாட்டாளர் காயத்ரி ஸ்பிவாக்கும் அந்த இல்லத்தவர்தான். ஒயிட் எதிர்பார்த்தாரே, தங்கள் வீட்டைத் தாங்களே நடத்தும் சின்னக் குழு என்று, அதற்கு மிக அருகில் வந்தது இந்த இரண்டும்தான் என்பது என் எண்ணம்.

தாமரைச்செல்வி

எல்லாம் படித்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் என் பயம் வேறு. நம் ஊர் ராகிங் மாதிரி அங்கே ஏதோ நடக்கிறதாமே. 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவனைக் கொன்றார்களே, அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதை மறக்க முடியவில்லை.

வடகரையான்

மறைக்காமல் சொல்கிறேன் அக்கா. அங்கே அதற்கு ஹேசிங் என்று பெயர். கார்னெல் திறந்து ஐந்தே வருடத்தில், 1873இல், மார்ட்டிமர் லெக்கெட் என்ற மாணவர் கப்பா ஆல்பா என்ற சங்கத்தில் சேரும் சடங்குக்காக இரவில் ஊருக்கு வெளியே அழைத்துப் போகப்பட்டு, மலைப்பிளவுக்குள் விழுந்து இறந்தார். தகப்பனார் உள்நாட்டுப் போரில் ஜெனரல், அப்போது நாட்டின் காப்புரிமை ஆணையர். அவர் சங்கத்தைக் குற்றம் சொல்லவில்லை. பின்னால் அதே கப்பா ஆல்பாவில் கௌரவ உறுப்பினராகச் சேர்ந்தார். மகனின் நண்பர்களிடையே மகனைத் தேடினாரோ என்னவோ. அந்த மன்னிப்பைப் பெருந்தன்மை என்று பாராட்டுவார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த ஒரு சாவுக்கே கணக்குக் கேட்டிருந்தால் பின்னால் வந்த சில தகப்பன்மாருக்குப் பிள்ளைகள் மிஞ்சியிருப்பார்கள்.

பின்னாலும் நடந்தது. 2011இல் கார்னெலில் ஒரு கிளை வீட்டில் இரண்டாம் ஆண்டு மாணவர் குடிக்கவைக்கப்பட்டு இறந்தார். 2019இல் முதலாண்டு மாணவர் ஒருவர் ஒரு கிளையின் விருந்துக்குப் போய்வந்த இரவுக்குப் பின் மலைப்பிளவில் பிணமாகக் கிடைத்தார். அந்தக் கிளையின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. எல்லாக் கிளைகளும் இப்படி என்று சொல்ல மாட்டேன். அமைதியாக, அக்கறையாக நடக்கும் வீடுகளில் நானே சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் எந்த வீடு எப்படி என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. கூரை புதிதாக இருப்பதும் புல்வெளி அழகாக இருப்பதும் முன்னாள் மாணவர்களின் பணம்.

பழைய ஏடு

அம்மா, நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, கல்லூரிகள் தங்கள் மாணவர் அமைப்புகளில் நிரூபணமான ஹேசிங் சம்பவங்களை அமைப்பின் பெயரோடு பொதுவில் வெளியிட வேண்டும். கார்னெல் அதற்கு முன்பிருந்தே வெளியிடுகிறது. மகனின் கல்லூரி இணையப் பக்கத்தில் அந்தப் பட்டியலைத் தேடுங்கள். கிளையின் பெயர் இருந்தால் என்ன செய்தார்கள், என்ன தண்டனை, எந்த வருடம் என்று எழுதியிருக்கும்.

மகனிடம் அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்: வீடு யார் பெயரில் இருக்கிறது, வாடகை ஒப்பந்தம் யாரோடு, ஒரு வருடச் செலவு மொத்தம் எவ்வளவு, கல்லூரியின் அங்கீகாரம் இப்போது இருக்கிறதா. இதற்கு நேராகப் பதில் சொல்லாத இடத்தில் சேர வேண்டாம்.

கருங்கல்

என் பங்குக்கு: தெளிப்பான் எல்லா அறையிலும் இருக்கிறதா, மேல்மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி இருக்கிறதா, அந்த வழியில் சாமான் அடுக்கி வைத்திருக்கிறார்களா. கடைசியில் சொன்னதை நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மகன் ஒருமுறை படியேறிப் பார்த்துவிட்டு வரட்டும்.

தாமரைச்செல்வி

ரொம்ப நன்றி. பட்டியலைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். அவன் சொன்ன இரண்டு பெயர்களில் ஒன்று அதில் இருக்கிறது. இன்று ராத்திரி போன் பண்ணும்போது பேசுகிறேன். இன்னொன்றைப் பற்றி உங்களிடம் கேட்க வருவேன்.

வடகரையான்

வாருங்கள் அக்கா, அவசரமில்லை. கார்னெல் போன்ற சில இடங்களில் முதலாண்டு மாணவர்கள் முதல் செமஸ்டரில் சேரவே முடியாது. ஆள் எடுப்பது வசந்தகால செமஸ்டர் தொடங்கும்போதுதான். மகனின் கல்லூரியில் எப்போது என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை அவனை நாலு வீட்டுக்கும் போய்ப் பழகச் சொல்லுங்கள்.